ஓரேபுக்குப் போகும் வழி

திங்கள், ஹைஃபா

ஊழியத்தில் ஒரு மனிதன் எப்படிக் களைத்துப்போகிறான் என்பதை 1 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களில் படிப்படியாகப் பார்க்கலாம். கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசிக்கு வெற்றி. யெஸ்ரயேலில் பயம். பெயெர்செபாவுக்கு ஓட்டம், வனாந்தரத்தில் ‘போதும் கர்த்தாவே’ என்ற ஜெபம், கடைசியில் ஓரேப் மலை. அந்த வழியிலேயே நாங்களும் போவதாக வந்திருக்கிறோம். நாங்கள் என்றால் நானும், ஓய்வுபெற்ற போதகர் ஒருவரும். அவரை ஐயா என்றே எழுதுகிறேன்.

கொஞ்ச காலமாகச் சபையில் ஒரே நெருக்கடி. கட்டடக் கடன், குடும்பங்களுக்குள் தீராத மனஸ்தாபம், அடுத்தடுத்து அடக்க ஆராதனைகள், நள்ளிரவிலும் அடிக்கிற போன். ஞாயிற்றுக்கிழமை சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கித்துவிட்டு, மறுநாள் விடியும் முன்பே நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, இன்னொரு கருத்தரங்கு உனக்கு வேண்டாம். எலியாவோடு கொஞ்ச தூரம் நடந்து பார்” என்றார்.

இன்று ஸ்டெல்லா மாரிஸ் மடத்துக்குப் போனோம். ஹைஃபாவில் கடலைப் பார்த்தபடி நிற்கிற கர்மேல் சபைத் துறவிகளின் ஆலயம் அது. பலிபீடத்துக்குக் கீழே ஒரு குகை இருக்கிறது. எலியா தங்கிய இடம் என்பது பாரம்பரியம். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மலையில் தனித்தனியாக வாழ்ந்த துறவிகளிடமிருந்துதான் அந்தச் சபை தொடங்கியது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமின் பேராயர் ஆல்பர்ட் அவர்களுக்கு ஒரு சிறிய ஒழுங்குமுறை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் தனி அறை வேண்டும், வேறு கடமை இல்லாத நேரமெல்லாம் அதிலேயே இருந்து கர்த்தருடைய வேதத்தைத் தியானிக்க வேண்டும் என்கிறது அது. தலைவரின் அறை மட்டும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம், வருகிறவர்களை முதலில் சந்திப்பவர் அவர் என்பதால்.

தலைவர் வாசலருகே இருக்க வேண்டும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலிலேயேதான் நிற்கிறோம். ஆனால் அந்த ஒழுங்குமுறை வாசலருகே அவருக்கும் ஓர் அறையைக் கொடுக்கிறது. அங்கே அவரும் தனியாக உட்கார்ந்து தியானிக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிவைத்தவர் மனிதர்களை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும்.

செவ்வாய், முஹ்ராகாவும் யெஸ்ரயேலும்

கர்மேல் மலைத்தொடரின் தென்கிழக்கு முனையில் இருக்கிறது முஹ்ராகா. பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே எலியா பலிபீடம் கட்டி, அக்கினி இறங்கும்படி கர்த்தரிடம் ஜெபித்தது இங்கே என்று சொல்கிறார்கள். முற்றத்தில் எலியாவின் சிலை, கை உயர்த்திய வாளோடு. மடத்தின் மொட்டைமாடிக்கு ஏறினால் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கு முழுவதும் விரிகிறது. தாபோர் மலை தெரிகிறது, நாசரேத்தின் மேடுகள் தெரிகின்றன. கீழே கீசோன் ஆறு.

அங்கேயே உட்கார்ந்து 18-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். எத்தனையோ தடவை பிரசங்கித்த பகுதிதான். இன்று வேறொன்று கண்ணில் பட்டது. அக்கினி இறங்குவதற்கு முன்பே எலியா ஜனங்களிடம், கர்த்தருடைய தீர்க்கதரிசிகளில் மீந்திருப்பவன் நான் ஒருவன் என்கிறான். ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், ஆகாப் ராஜாவின் அரண்மனை அதிகாரி ஒபதியா அவனை வழியில் சந்தித்து, கர்த்தருடைய தீர்க்கதரிசிகள் 100 பேரைக் கெபிகளில் ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துப் பராமரித்ததைச் சொல்லியிருக்கிறான். எலியா அதைக் கேட்டிருக்கிறான். கேட்டும் ‘நான் ஒருவன்’ என்கிறான்.

அப்படியானால் அவனுடைய களைப்பு ஆகாபின் மனைவி யேசபேல் மிரட்டிய இரவில் தொடங்கியது அல்ல. வெற்றி நாளிலேயே அது உள்ளே இருந்தது. கூட்டம் நிரம்பி வழிகிற நாளில், எல்லோரும் கைகுலுக்கிப் பாராட்டுகிற நாளில், நம் மனது சொல்வதை நாம் கவனிப்பதில்லை. அன்றைக்குத்தான் கவனிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பிற்பகலில் யெஸ்ரயேல். முஹ்ராகாவிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே 25 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்தையும் எலியா மழையில் ஆகாபின் இரதத்துக்கு முன்னால் ஓடியிருக்கிறான். பட்டணம் இருந்த மேட்டில் இப்போது புல்லும் கற்களும்தான். 1990 முதல் 1996 வரை உசிஷ்கின், வுட்ஹெட் என்ற இருவர் தலைமையில் நடந்த அகழாய்வில், ஆகாபின் வம்சம் ஆண்ட காலத்தைச் சேர்ந்த பெரிய மதில்வளாகமும் அகழியும் வெளிப்பட்டன. எதிரே கில்போவா மலை.

இங்கேதான் அந்தச் செய்தி வந்தது. நாளை இந்நேரத்துக்குள் உன் உயிரை எடுப்பேன் என்று யேசபேல் ஆள் அனுப்புகிறாள். 450 பேரை நேருக்கு நேர் எதிர்த்து நின்றவன் ஒரே ஒரு செய்தியில் உடைந்துபோகிறான். இதைக் கோழைத்தனம் என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாள் முழுக்க நின்று, ஜெபித்து, ஓடி, ஒட்ட உழைத்த உடம்புக்கு இராத்திரியில் வருகிற செய்தி பகலில் வருகிற அதே செய்தி அல்ல. சபைத் தலைவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் நாலு வரி, காலை 9 மணிக்கு வாசித்தால் வெறும் நாலு வரிதான்.

புதன், பெயெர்செபா

ஹைஃபாவிலிருந்து ரயிலில் வந்தோம். நகரத்துக்கு வெளியே பழைய பெயெர்செபாவின் மேடு இருக்கிறது. மெகிதோ, ஆத்சோர் மேடுகளோடு சேர்த்து 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பட்டண வாசலுக்கு வெளியே ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிய கிணறு. எட்டிப் பார்த்தால் இருட்டு மட்டும்.

யெஸ்ரயேலிலிருந்து இங்கே 150 கிலோமீட்டருக்கு மேல். இது யூதாவின் எல்லை, ஆகாபின் ஆட்சி இங்கே செல்லாது. ஆபத்து முடிந்துவிட்டது. ஆனாலும் எலியா நிற்கவில்லை. தன் வேலைக்காரனை இங்கே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பிரயாணம் தனியாகப் போய், ஒரு சூரைச்செடியின் கீழே படுத்துக்கொள்கிறான். வேலைக்காரனை விட்டது 19-ஆம் அதிகாரத்தின் 3-ஆம் வசனத்தில் ஒரே வரியில் வந்துபோகிற செய்தி.

ஐயா அந்த வரியிலேயே நெடுநேரம் நின்றார். “வேலைக்காரனை ஏன் விட்டான், தம்பி?”

அவனையும் ஆபத்தில் இழுக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம் என்றேன்.

“இருக்கலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். என் பாரத்தை இவர்கள் மேல் ஏற்றக்கூடாது, இளையவர்கள், தாங்கமாட்டார்கள் என்று. நல்ல காரணம்தான். ஆனால் கடைசியில் சூரைச்செடியின் கீழே நான் மட்டும்தான் படுத்திருந்தேன்.”

அவர் தன் ஊழிய காலத்தைப் பற்றி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மேலே எதுவும் கேட்கவும் இல்லை.

இன்னொன்று. நெருக்கடி தீர்ந்ததும் மனம் அமைதியாகிவிடும் என்று நினைக்கிறோம். இந்தக் கடன் அடைந்தால் போதும், இந்தச் சண்டை முடிந்தால் போதும் என்று. பெயெர்செபா வேறு மாதிரி சொல்கிறது. எல்லையைத் தாண்டிய பிறகும் ஓடிக்கொண்டேதான் இருந்தான் அவன்.

வியாழன், நெகேவ் வனாந்தரம்

தெற்கே இறங்கி மிட்ஸ்பே ரமோன் வந்தோம். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி குழிந்து கிடக்கிறது. எரிமலையோ விண்கல்லோ உண்டாக்கிய பள்ளம் அல்ல. மேலே கெட்டிப்பாறை உடைந்தபின், கீழேயிருந்த மென்பாறையைத் தண்ணீர் அரித்து அரித்து உண்டாக்கியது.

வறண்ட ஓடை ஒன்றில் சூரைச்செடிகளைப் பார்த்தோம். வேதத்தில் எலியா படுத்துக்கொண்ட செடி. ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், இலை என்று சொல்ல ஒன்றுமில்லை, பச்சைக் குச்சிகள்தான். மார்ச் மாதம் என்பதால் குச்சி முழுவதும் வெள்ளைப் பூ. நிழல் மெல்லியது, தலையை மட்டும்தான் மறைக்கும். அதிலும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன். சரி, அதற்குத்தானே வந்தது.

இந்தச் செடியின் கட்டையும் வேரும் நல்ல கரியாகும், தணல் நெடுநேரம் அணையாது. 120-ஆம் சங்கீதம் சூரைச்செடியை எரிக்கும் தழலைப் பற்றிச் சொல்வது அதனால்தான். தூதன் வந்து தட்டியெழுப்பியபோது எலியாவின் தலைமாட்டில் இருந்ததும் ‘தழலில் சுடப்பட்ட அடை’. அது எந்தச் செடியின் தழல் என்று வேதம் சொல்லவில்லை. ஆனால் இந்த வனாந்தரத்தில் சுற்றிலும் பார்த்தபோது, சாக வேண்டும் என்று எந்தச் செடியின் கீழே படுத்தானோ அதே செடியின் தழலில்தான் அவனுக்கு அடை வெந்திருக்கும் என்றே நம்பத் தோன்றுகிறது.

தேவன் அவனுக்கு முதலில் செய்ததைப் பாருங்கள். கடிந்துகொள்ளவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. நேற்று அக்கினியைப் பார்த்தாயே என்று ஞாபகப்படுத்தவும் இல்லை. தூங்க விட்டார், தட்டியெழுப்பிச் சாப்பிட வைத்தார், மறுபடியும் தூங்க விட்டார், மறுபடியும் சாப்பாடு. ‘நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்ற வார்த்தைகூட இரண்டாம் தடவை எழுப்பியபோதுதான் வருகிறது.

இதை வாசிக்கிற ஊழியர்களிடம் ஒன்றைத் திறந்தே சொல்ல வேண்டும். ‘என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்று எலியா சொன்னது நிஜமான ஜெபம். அந்த எண்ணம் உங்களுக்குள் வருகிறது என்றால், தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டது என்றால், உடனே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. தூதன் கொண்டுவந்தது பிரசங்கக் குறிப்பு அல்ல, அடையும் தண்ணீரும்.

இரவில் ஐயா வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். பெயெர்செபாவிலிருந்து நாங்கள் போகிற மலைக்கு நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எலியாவுக்கு 40 நாள் இரவும் பகலும் ஆனது. நாளொன்றுக்கு 8 கிலோமீட்டர்கூட நேராக முன்னேறவில்லை. மழையில் இரதத்தை முந்தி ஓடிய அதே மனிதன். கரடுமுரடான வழி, சுற்றிப் போயிருப்பான், எல்லாம் சரி. ஆனாலும் அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெள்ளி, தாபா எல்லை

எய்லாத்திலிருந்து தாபா எல்லையைப் பையோடு நடந்தே கடந்தோம். வரிசை, முத்திரை, இன்னொரு வரிசை. அப்புறம் எகிப்தின் வண்டி. முதலில் செங்கடலின் ஓரமாக, பிறகு சிவந்த மலைகளுக்குள். பல இடங்களில் சோதனைச் சாவடி. மலைகளுக்குள் நுழைந்ததும் போனில் சிக்னல் போய்விட்டது. முதல் அரைமணி நேரம் கை தானாகவே போனுக்குப் போனது. இரவு கடுங்குளிர்.

சனி, புனித கேத்தரின் மடம்

ஓரேப் என்பதும் சீனாய் என்பதும் எந்த மலை என்று அறிஞர்கள் பல இடங்களைச் சொல்கிறார்கள். ஆனால் 4-ஆம் நூற்றாண்டிலிருந்தே துறவிகள் தேடிவந்து ஜெபித்த இடம் இது. இப்போது நிற்கிற மடத்தை 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கட்டச் செய்தார். அன்றிலிருந்து இங்கே ஜெபம் நிற்கவில்லை. காலையில் சில மணி நேரம் மட்டும் பயணிகளை உள்ளே விடுகிறார்கள். வெள்ளியும் ஞாயிறும் கதவு மூடியிருக்கும். உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிற இடம், ஆனாலும் அந்தக் கதவை மூடுவதில் அவர்களுக்குக் குற்றவுணர்வு இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இங்கே இறந்த துறவிகளின் எலும்புகளை ஓர் அறையில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மண்டையோடுகள் குவியல் குவியலாக. நடுவில் ஸ்தேவான் என்ற 6-ஆம் நூற்றாண்டுத் துறவியின் எலும்புக்கூடு மட்டும் அங்கி உடுத்தி உட்கார்ந்திருக்கிறது. மலைக்கு ஏறும் படிகளில் ஒரு கல்வாசல் உண்டு. அங்கே உட்கார்ந்து, ஏறிவருகிறவர்களின் பாவ அறிக்கையைக் கேட்பது அவருடைய வேலை. வாழ்நாள் முழுவதும் பிறருடைய பாரத்தைக் கேட்ட மனிதர். மற்றத் துறவிகள் பெரும்பாலும் பெயரில்லாமல் ஒரே குவியலில். அதைப் பார்த்தபோது பயமாக இல்லை. தோள் லேசானது போலத்தான் இருந்தது. நமக்கு முன்னும் சபை இருந்தது, நமக்குப் பின்னும் இருக்கும்.

மடத்துக்குள் மோசேயின் கிணறு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். எத்திரோவின் குமாரத்திகளை மோசே சந்தித்த இடம் என்பது இங்குள்ள பாரம்பரியம். அதன் பக்கத்தில் நின்றபோதுதான் யாத்திராகமம் 18 ஞாபகத்துக்கு வந்தது. தேவனுடைய பர்வதத்தில் மோசே பாளயமிறங்கியிருக்கும்போது எத்திரோ வருகிறான். காலையிலிருந்து சாயங்காலம் வரை மருமகன் ஒருவனே உட்கார்ந்து நியாயம் விசாரிப்பதைப் பார்க்கிறான். ‘நீர் செய்கிற காரியம் நல்லதல்ல’ என்று சொல்லிவிடுகிறான். நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள், ஒருவராய்ச் செய்ய உம்மாலே கூடாது என்கிறான்.

அதே மலை. மோசேக்கு அங்கே சொல்லப்பட்டதும், பல நூற்றாண்டுகள் கழித்து எலியாவுக்குக் காட்டப்பட்டதும் ஒரே காரியம். கற்பலகைகளும் அக்கினியும் பெருங்காற்றும் நமக்கு ஞாபகமிருக்கின்றன. ‘ஒருவராய்ச் செய்யாதே’ என்ற வார்த்தையும் இந்த மலையில் பிறந்ததுதான் என்பதை நாம் சொல்வதே இல்லை.

ஞாயிறு, ஜெபல் மூசா

ஜெபல் மூசா என்றால் மோசேயின் மலை. நள்ளிரவு தாண்டிக் கிளம்பி ஒட்டகப் பாதையில் ஏறினோம். வழிகாட்டி ஜெபலியா இனத்தைச் சேர்ந்த பெதுவின் இளைஞர். மடத்தைக் காக்க ஜஸ்டினியன் அனுப்பிய ஆட்களின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள். முஸ்லிம்களான இவர்கள்தான் இன்றைக்கும் மடத்துக்குத் துணை.

சிகரம் 2,285 மீட்டர். கடைசியில் 750 படிகள், அதில் ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. இளைஞர் அவருடைய பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஐயா மறுக்கவில்லை. மேலே 1934-இல் கட்டிய சிறிய ஆலயம். சூரியன் வரும்போது கூட்டம் நெருக்கியடித்தது. பல மொழிகளில் பாட்டு, போட்டோ, சத்தம். அழகான விடியல்தான், ஆனால் எனக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை.

இறங்கும்போது சிகரத்துக்குக் கீழே ஒரு சமதளத்தில் நின்றோம். எலியாவின் தளம் என்கிறார்கள். சைப்ரஸ் மரங்கள், எலியாவுக்கும் எலிசாவுக்குமான சிற்றாலயம். எலியா இராத்தங்கிய கெபி இங்கேதான் என்பது பாரம்பரியம். கூட்டம் வேறு வழியாக இறங்கிப் போய்விட்டது. பாறைமேல் உட்கார்ந்து 19-ஆம் அதிகாரத்தின் மீதியை வாசித்தோம்.

பெருங்காற்று, பூமி அதிர்ச்சி, அக்கினி, அதற்குப் பின் அமர்ந்த மெல்லிய சத்தம். இந்த இடத்தில் நாம் பிரசங்கத்தை முடித்துவிடுவோம். மெல்லிய சத்தம் கேட்டது, எலியா மாறிவிட்டான் என்று. ஆனால் வசனம் அப்படிச் சொல்லவில்லை. ‘எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்’ என்று தேவன் இரண்டு தடவை கேட்கிறார். சத்தத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. இரண்டு தடவையும் எலியாவின் பதில் ஒன்றுதான். ‘நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்’ வரை 10-ஆம் வசனமும் 14-ஆம் வசனமும் ஒத்துப்போகின்றன. மெல்லிய சத்தத்தைக் கேட்ட பிறகும் அவன் அதையேதான் சொல்கிறான்.

எனக்கு இது பெரிய ஆறுதல். ஜெபித்து எழுந்த பிறகும் அதே பாரத்தோடு எழுந்திருக்கிற காலைகள் உண்டு. எலியாவுக்கும் இருந்தது. தேவன் அதற்காக அவனோடு வாதாடவில்லை. திரும்பிப் போ என்றார். ஆசகேலையும் யெகூவையும் ராஜாக்களாகவும், எலிசாவை உன் இடத்தில் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம் பண்ணு என்று மூன்று பெயர்களைக் கொடுத்தார். பாகாலுக்கு முடங்காத 7,000 பேர் இருப்பதையும் சொன்னார்.

அந்த மூன்று பெயர்களைத் தொடர்ந்து வாசித்தால் இன்னும் ஒன்று புரியும். எலியா நேரில் போய்ச் சந்தித்ததாக வேதம் சொல்வது எலிசாவை மட்டும். ஆசகேல் ராஜாவாவான் என்று அவனிடம் சொன்னது எலிசா. யெகூவை அபிஷேகம் பண்ணியது எலிசா அனுப்பிய ஒரு வாலிபன். எலியாவிடம் கொடுத்த வேலையில் பெரும்பகுதியைச் செய்து முடித்தவர்கள் மற்றவர்கள். அதற்காக எலியா தவறிவிட்டான் என்று எங்குமே எழுதப்படவில்லை.

ஐயா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து, “எலிசாவைக் கூப்பிட்டான் பார், அதற்குப் பிறகு அவன் ‘நான் ஒருவன்’ என்று சொன்னதாக ஒரு வசனமும் இல்லை” என்றார்.

அங்கிருந்து படிவழியாக இறங்கினோம். மடம் வரை ஏறக்குறைய 3,000 படிகள். ஸ்தேவான் உட்கார்ந்த கல்வாசலில் கொஞ்சம் நின்றோம். முழங்கால் இரண்டும் வலிக்கிறது. நெஞ்சில் அந்தப் படபடப்பு இல்லை. நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம். இன்று இல்லை.

திங்கள், நுவைபா

கடலோரம் வந்ததும் சிக்னல் வந்தது. ஒரு நிமிஷம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. உதவிப் போதகரைக் கூப்பிட்டேன்.

“பாஸ்டர், நல்லா இருக்கீங்களா? இங்கே ஒன்றும் பயப்பட வேண்டாம். அந்த இரண்டு குடும்பத்தையும் மூப்பர்கள் உட்காரவைத்துப் பேசினார்கள். முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் பேசினார்கள். வியாழக்கிழமை மறுபடியும் கூடுகிறார்கள். நீங்கள் அதற்குள் வந்துவிடுவீர்களா?”

வந்துவிடுவேன், ஆனால் நீங்களே நடத்துங்கள் தம்பி என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “சரி பாஸ்டர். ஜெபித்துக்கொள்ளுங்கள்.”

பிறகு ஐயாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். கடன் பேச்சுவார்த்தை பொருளாளரிடமும் இரண்டு மூப்பர்களிடமும். மருத்துவமனைச் சந்திப்புகள், ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கிற பெண்கள் ஐக்கியத்திடம், இனி பெயரோடும் பொறுப்போடும். அடக்க ஆராதனைகளை நான் விடமாட்டேன், அது என் மனதுக்கு நெருக்கமான வேலை. திங்கட்கிழமை கதவு மூடியிருக்கும்.

“இராத்திரி போன்?” என்றார் ஐயா.

மூன்று பேர் முறைவைத்து எடுப்பது. முதல் வாரம் உதவிப் போதகர், அடுத்த வாரம் மூத்த மூப்பர், அதற்கடுத்த வாரம் நான்.